ப்ளீச்சர்ஸில் பிறந்தநாள்: ரகளைக்கும் ஒரு கணக்கு உண்டு

சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்கள் பிறந்தநாளுக்கு ஹால் தேடி அலைவதில்லை. அணியின் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டின் ப்ளீச்சர்ஸில் பத்துப் பன்னிரண்டு டிக்கெட் எடுத்தால் போதும். சேர்ந்து கத்த ஆள், பாட ஆர்கன், தொண்டை நனைக்க பீர் எல்லாம் அங்கேயே இருக்கிறது. ப்ளீச்சர்ஸ் என்பது பேட்டருக்கு எதிரே தொலைவில் உள்ள அவுட்ஃபீல்டு சுவருக்கு மேலே, கூரை இல்லாமல், சாய்மானம் இல்லாத பெஞ்சுகளாகப் போட்டிருக்கும் பகுதி. நம்மூர்க் கணக்கில் கேலரி. நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் பேர் கொள்ளும் மைதானத்தில் இங்கே ஐயாயிரம் பேர்தான் உட்காரலாம், ஆனால் மைதானத்தின் குரல் இங்கிருந்துதான் வருகிறது.

அங்கே போய் ரகளை செய்வது யாருக்கும் சுலபம். செய்துவிட்டு கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பதுதான் வித்தை. பாதுகாவலர் தோளைத் தட்டி வெளியே கொண்டுபோய் விடுகிற கும்பலுக்கும், பக்கத்து வரிசைக்காரர்கள் பீர் வாங்கித் தருகிற கும்பலுக்கும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. எந்த நேரத்தில் சத்தம் போட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பேஸ்பால் இடைவெளிகள் நிறைந்த ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றும் இரண்டு பாதி, அணிக்கு ஒன்று. ஆக மொத்தம் பதினெட்டு பாதிகள், நடுவில் பதினேழு இடைவெளிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு நிமிடம். இதுபோக பந்து வீசுகிற பிட்சரை மாற்றும்போது இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். முன்பெல்லாம் பந்துக்கும் பந்துக்கும் நடுவிலேயே சாவகாசமாகக் கதை பேசலாம். 2023-ல் பிட்ச் கிளாக், அதாவது பந்து வீச நேரம் குறிக்கிற கடிகாரம், வந்தபின் அந்த வசதி போயிற்று. பேஸில் (ஓடுகிறவர் நிற்கும் முனைகளில்) ஆள் இல்லாவிட்டால் 15 நொடிக்குள் பிட்சர் வீசத் தொடங்க வேண்டும். மூன்று மணி நேரத்தைத் தாண்டி ஓடிய ஆட்டம் இப்போது சராசரியாக இரண்டே முக்கால் மணிக்குள் முடிந்துவிடுகிறது. பழைய நினைப்பில் ‘மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று போனால், பிறந்தநாள்காரருக்குப் பாட்டுப் பாடுவதற்குள் ஆறாவது இன்னிங்ஸ் வந்துவிடும்.

முதலில் தேதி. சீசன் மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை போகும். 162 ஆட்டங்களில் சொந்த மைதானத்தில் 81. பிறந்தநாளன்றே உள்ளூர் ஆட்டம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, முன்னே பின்னே ஒரு வாரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். ரிக்லியில் வெள்ளிக்கிழமை ஆட்டம் பெரும்பாலும் பகல் 1:20-க்கு. சுற்றிலும் குடியிருப்புத் தெருக்கள் என்பதால் இரவு ஆட்டங்களுக்கு நகராட்சியின் கட்டுப்பாடு உண்டு. 1914-ல் திறந்த மைதானத்தில் விளக்கு வந்ததே 1988-ல்தான். ரகளைப் பிறந்தநாளுக்கு என் ஓட்டு இந்த வெள்ளி மதியத்துக்கே. ஆட்டம் நான்கு, நாலேகாலுக்கு முடிந்துவிடும், முழு மாலையும் மிச்சம். நவம்பர் முதல் பிப்ரவரி பாதி வரை பிறந்தவர்களுக்கு வழியே இல்லை. பிப்ரவரி கடைசி, மார்ச் என்றால் அரிசோனாவில் மேசா நகரத்து ஸ்லோன் பார்க்கில் பயிற்சி ஆட்டங்கள் நடக்கும். அங்கே அவுட்ஃபீல்டுக்குப் பின்னால் புல்சரிவில் போர்வை விரித்து உட்காரலாம். சிகாகோ பனிக்குத் தப்பி ஓடிவந்த கப்ஸ் ரசிகர்கள் பாதி மைதானத்தை நிறைத்திருப்பார்கள்.

ஏப்ரலில் பிறந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சுவரில் படர்ந்திருக்கும் புகழ்பெற்ற ஐவி கொடி அப்போது வெறும் பழுப்புக் குச்சியாகத்தான் இருக்கும், பச்சை பிடிக்க மே ஆகும். குளிரும் அப்படித்தான்.

டிக்கெட் விலை விமான டிக்கெட் மாதிரி ஏறி இறங்கும். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், மில்வாக்கி ப்ரூவர்ஸ், ஊருக்குள்ளேயே இருக்கும் ஒயிட் சாக்ஸ் வருகிற வார இறுதிகள் கையைக் கடிக்கும். ஏப்ரல், மே, செப்டம்பர் மாதங்களில் திங்கள் முதல் புதன் வரை மலிவு. டிக்கெட் எல்லாம் கைபேசியில்தான். இங்கேதான் கும்பல்கள் செய்கிற முதல் தப்பு. பன்னிரண்டு டிக்கெட்டையும் ஒருவர் கைபேசியிலேயே வைத்துக்கொண்டு வாசலில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுவார். நடுவில் பேட்டரி போகும், அல்லது கூட்டத்தில் நெட்வொர்க் திணறும். தாமதமாக வருகிற இரண்டு பேர் வெளியே நிற்க, டிக்கெட் வைத்திருப்பவர் உள்ளே இருப்பார். வெளியே போனால் திரும்ப வர முடியாது. முதல் நாள் இரவே ஒவ்வொருவர் கணக்குக்கும் அவரவர் டிக்கெட்டை மாற்றி அனுப்பிவிட வேண்டும். பிறந்தநாள்காரருக்கும் அப்படியே. அவர் டிக்கெட்டை ‘சர்ப்ரைஸ்’ என்று பொத்தி வைப்பதில் ஒரு லாபமும் இல்லை.

ப்ளீச்சர்ஸில் இருக்கை எண் கிடையாது, முன்னால் போனவர் முன்னால் உட்காரலாம். வேவ்லேண்ட், ஷெஃபீல்டு தெருக்கள் சந்திக்கும் முனையில், வர்ணனையாளர் ஹாரி கேரியின் சிலை பக்கத்தில் அதற்குத் தனி வாசல். வெயில் நாளில் வார இறுதி ஆட்டமென்றால் வாசல் திறக்குமுன்பே வரிசை தெருவில் வளைந்து நிற்கும். பன்னிரண்டு பேர் சேர்ந்து உட்கார, திறக்கிற நேரத்துக்கு முக்கால் மணி முன்பே போய் நிற்பது நல்லது. பொம்மை, தொப்பி என்று முதலில் வருபவர்களுக்கு இலவசம் தருகிற நாளென்றால் இன்னும் முன்னால். நான்கு பேரை அனுப்பிப் பன்னிரண்டு இடத்தைத் துண்டு போட்டுப் பிடிக்கிற வேலை ஓரளவுக்குத்தான் செல்லும். ஆட்டம் தொடங்க அரை மணி இருக்கும்போதும் பெஞ்சு காலியாக இருந்தால் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள், சண்டை போட நமக்கு நியாயமும் இல்லை.

எப்படி உட்காருவது என்பது அதைவிட முக்கியம். பன்னிரண்டு பேரும் ஒரே பெஞ்சில் நீளமாக உட்கார்ந்தால் கொண்டாட்டம் செத்துவிடும். ஓரத்தில் இருப்பவருக்கு நடுவில் நடப்பது கேட்காது. பீர் வாங்கப் போகிற ஒவ்வொருவரும் பத்துக் கால்களைத் தாண்ட வேண்டும். மூன்று வரிசையில் நான்கு நான்கு பேராக, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக உட்கார வேண்டும். பிறந்தநாள்காரர் நடு வரிசையில், நடைபாதையிலிருந்து இரண்டாவது ஆளாக இருக்கட்டும். எல்லாரும் கை எட்டித் தட்டலாம், அவரும் சுலபமாக எழுந்து போகலாம்.

இடப்பக்கமா, வலப்பக்கமா? பேட்டர் நின்று ஆடுகிற ஹோம் பிளேட் மைதானத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. வலது ப்ளீச்சர்ஸ் ஷெஃபீல்டு தெருப் பக்கம், அதாவது கிழக்கே. அங்கே மேற்கு பார்த்து உட்கார்ந்தால் பகல் ஆட்டத்தில் மூன்று மணிக்கு மேல் சூரியன் நேரே கண்ணில் குத்தும். இடது ப்ளீச்சர்ஸ் வடக்கே, வேவ்லேண்ட் பக்கம், கண்ணுக்குக் கொஞ்சம் இதம். ஆனால் இரு பக்கமும் ஒன்றையொன்று கேலி செய்து மாறிமாறிக் கத்துவது இங்கே பல காலப் பழக்கம். “ரைட் ஃபீல்டு சக்ஸ்” என்று இடப்பக்கம் ஆரம்பிக்கும், வலப்பக்கம் அதே மெட்டில் திருப்பிக் கொடுக்கும். உட்காருகிற பக்கத்துக்குத்தான் அன்றைய விசுவாசம். எந்தப் பக்கமானாலும் நிழல் கிடையாது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயில் கிரீம், அதுவும் காதுமடலிலும் பின்கழுத்திலும்.

காற்றையும் பார்க்க வேண்டும். மிச்சிகன் ஏரி கிழக்கே நடக்கிற தூரத்தில் இருக்கிறது. ஏரியிலிருந்து காற்று உள்ளே வீசினால் நகருக்குள் இதமாக இருக்கிற மே மாத நாளிலும் ப்ளீச்சர்ஸில் பல் கிடுகிடுக்கும். காற்றுக்கு முதலில் முகம் கொடுப்பது அந்தப் பெஞ்சுகள்தானே. தென்மேற்கிலிருந்து வெளிநோக்கி வீசினால் உஷ்ணமும் ஏறும், அடித்த பந்தெல்லாம் பறந்து வரும். 1979 மே 17 அன்று அப்படி ஒரு காற்றில் ஃபிலடெல்பியா 23, கப்ஸ் 22 என்று ஆட்டம் முடிந்தது. அடிசன் ரயில் நிலையத்தில் இறங்கியதும் ஸ்கோர்போர்டின் மேல் பறக்கும் அணிக்கொடிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கொடி தெருப்பக்கம் பறந்தால் கையுறையைத் தயாராக வைத்துக்கொள்ளலாம், மைதானத்துக்குள் பறந்தால் ஜாக்கெட்டை.

பையில் என்ன கொண்டுபோவது? மைதானத்துக்கு மைதானம் விதி மாறும், பையின் அளவையும் வெளி உணவையும் பற்றி அணியின் தளத்தில் அந்த வாரமே பார்த்துவிட வேண்டும். ஆனால் பிறந்தநாள் கும்பல் வாசலில் பறிகொடுக்கிற சாமான்கள் எங்கும் ஒன்றுதான்: பலூன், வண்ணக் காகிதத் தூள் வெடிக்கிற குழல், ஊதுகுழல், பீச் பால், கேக் கத்தி, மெழுகுவர்த்தியோடு வருகிற லைட்டர். காரணம் இல்லாத தடை எதுவும் இல்லை. பலூன் ஒன்று மைதானத்துக்குள் உருண்டால் அம்பயர் ஆட்டத்தை நிறுத்துவார். காகிதத் தூள் புல்லுக்குள் போனால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். சேப்பாக்கத்துப் பழக்கத்தில் பிளாஸ்டிக் விசில் கொண்டுபோகிறவர்களும் அதை வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். விரலை மடக்கி வாயில் வைத்து அடிக்கிற விசிலுக்கு உலகத்தில் எங்கும் தடையில்லை. கம்பு இல்லாத அட்டைப் பலகை பொதுவாகப் பிரச்சினையில்லை. ஆனால் அதை இடைவெளியில் மட்டுமே தூக்க வேண்டும். பந்து வீசும்போது தூக்கினால் பின்வரிசைக்காரர் எதிரியாகிவிடுவார், அந்த எதிரிகள்தான் பிறகு பாதுகாவலருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவார்கள்.

கேக்குக்கு மாற்று உள்ளேயே இருக்கிறது. பேட்டிங் ஹெல்மெட் வடிவத்தில் சின்ன பிளாஸ்டிக் கிண்ணம், அதில் ஐஸ்கிரீம். தின்றுவிட்டுக் கழுவி எடுத்துப்போனால் அதுவே நினைவுப்பொருள். கோடையில் வாங்கிக்கொண்டு படியேறி வருவதற்குள் கரைகிறது, ஆகவே பாட்டை ஒருங்கு செய்துவிட்டுத்தான் வாங்க ஆள் அனுப்ப வேண்டும். தீயில்லாமல் பிறந்தநாளே இல்லை என்பவர்கள் வடக்கே 90 மைல் தள்ளி மில்வாக்கிக்குப் போகலாம். அங்கே வண்டி நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டிச் சுட்டுத் தின்றுவிட்டு உள்ளே போவதுதான் மரபு. கப்ஸ் அங்கே ஆடும்போது நீலச் சட்டை அவ்வளவு நிறைந்துவிடும், அதனால் ‘ரிக்லி நார்த்’ என்றே கிண்டல் பெயர். கேக், மெழுகுவர்த்தி, குழல் வெடி எல்லாம் வண்டிக்குப் பக்கத்திலேயே முடித்துவிடலாம். அணையாத கரியைக் குப்பைத் தொட்டியில் கொட்டாமல் அதற்கென வைத்திருக்கும் தொட்டியில் கொட்ட வேண்டும். ரிக்லியைச் சுற்றி இதற்கெல்லாம் இடமே இல்லை.

பாட்டு எப்போது? பேட்டர் நிற்கும்போது கூடாது. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்து, மூன்றாவது விழுந்தால் பேட்டர் அவுட் என்ற நிலையில் முழு மைதானமும் எழுந்து கைதட்டுகிற நேரத்தில் ‘ஹேப்பி பர்த்டே’ ஆரம்பித்தால் அதைவிட அபத்தம் கிடையாது. அரை இன்னிங்ஸ் இடைவெளியும் பாதுகாப்பில்லை, அப்போது ஆர்கனோ ஒலிபெருக்கியோ அலறிக்கொண்டிருக்கும். பேஸ்பால் மைதானத்தில் ஆர்கனை முதன்முதலில் கொண்டுவந்தது ரிக்லிதான், 1941-ல். அதோடு போட்டி போட வேண்டாம். சரியான தருணம் பிட்சர் மாற்றம், அதிலும் எதிரணி பிட்சர் அடி வாங்கி வெளியே போகிற நேரம். கூட்டம் குஷியில் இருக்கும், எதைப் பாடினாலும் சேர்ந்துகொள்ளும். ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸில் பெரும்பாலும் அமையும். மாற்று பிட்சர்கள் பழகிக் காத்திருக்கும் புல்பென் 2017 முதல் ப்ளீச்சர்ஸுக்கு அடியிலேயே இருப்பதால் கதவு திறப்பதும் மாற்று பிட்சர் ஓடுவதும் கண்ணுக்கு நேரே தெரியும். அந்தக் கதவுதான் சமிக்ஞை.

முதலாவது, இரண்டாவது இன்னிங்ஸிலேயே முன்வரிசை, பின்வரிசை ஆட்களிடம் சொல்லி வைக்க வேண்டும்: இன்று இவர் பிறந்தநாள், பிட்சர் மாறும்போது பாடப் போகிறோம். பெயரை இரண்டு அசைக்குள் சுருக்கிக் கொடுப்பது உத்தமம். ‘உமாமகேஸ்வரி’யை ஐம்பது அமெரிக்கர்கள் சேர்ந்து பாடினால் மூன்றாவது வரியில் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். ‘உமா’ என்றால் ஒரே குரலாக வரும். குரல் கும்பலின் நடுவிலிருந்து எழும்பாமல் இரண்டு ஓரத்திலிருந்தும் எழும்ப வேண்டும், அப்போதுதான் பக்கத்துப் பகுதிகளுக்குப் பரவும்.

பீர்க் கணக்கு இனி. வயது 21 ஆகியிருக்க வேண்டும், யாராயிருந்தாலும் அடையாள அட்டை கேட்பார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் விருந்தாளியின் இந்திய ஓட்டுநர் உரிமத்தை நம்பிப் போக வேண்டாம், பாஸ்போர்ட் அசல் வேண்டியிருக்கும். ஒரு தடவைக்கு ஒருவருக்கு இரண்டு என்ற கட்டுப்பாடு பல இடங்களில் உண்டு. எனவே பன்னிரண்டு பேருக்கு ஒருவர் போய் வாங்கி வருவது நடக்காது, வட்டத்துக்கு ஆறு பேர் போக வேண்டும். அதற்குப் பதில் வரிசைக்கு வருகிற விற்பனையாளரை முதலிலேயே பழக்கம் பிடித்து, நல்ல டிப்ஸ் கொடுத்துவிட்டால் மனிதர் நம் பக்கம் திரும்பத் திரும்ப வருவார். விற்பனை பெரும்பாலும் ஏழாவது இன்னிங்ஸோடு நின்றுவிடும், சில மைதானங்களில் எட்டு வரை போகும்.

அளவுதான் ஆளைக் கவிழ்க்கிறது. 5 சதவீத பீர் 12 அவுன்ஸ், அதாவது 355 மில்லி, ஒரு நிலையான அளவு. மைதானத்தில் விற்கிற 16 அவுன்ஸ் அதில் ஒன்றேகால் பங்குக்கு மேல். 25 அவுன்ஸ் பெரிய கேன் இரண்டுக்கும் மேல். உடம்பு மணிக்கு ஏறக்குறைய ஓர் அளவைத்தான் கரைக்கும். மூன்று பெரிய கேன் என்பது ‘மூணு பீர்தான்’ இல்லை, ஆறு பீருக்கும் மேல். இதில் ஒன்பது இன்னிங்ஸில் ஒன்பது பீர், ஒன்பது ஹாட் டாக் என்று ஒரு பந்தயம் உலவுகிறது. பிறந்தநாளில் யாராவது கட்டாயம் அதைக் கிளப்புவார்கள். இரண்டே முக்கால் மணி நேரத்தில், விற்பனை ஏழில் நிற்க, கடைசி இரண்டு இன்னிங்ஸுக்கான பீரை முன்பே வாங்கிச் சூடாக்கிக் குடிக்க வேண்டும். முதலுதவி அறையில் பிறந்தநாள் முடிய இதைவிட நேர்வழி இல்லை. வேண்டுமென்றால் பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒன்பது ஹாட் டாக் தின்னட்டும். சிகாகோ ஹாட் டாக்கில் கடுகு, ரெலிஷ், வெங்காயம், தக்காளி, ஊறுகாய் வெள்ளரித் துண்டு, குட்டி மிளகாய், செலரி உப்பு இருக்கும். கெச்சப் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார். உள்ளே இருப்பது வழக்கமாக மாட்டிறைச்சி. சாப்பிடாதவர்களுக்கு வேர்க்கடலை, பாப்கார்ன், ப்ரெட்சல், நாச்சோஸ்.

சாப்பாட்டு வரிசை மூன்றாவது இன்னிங்ஸ் முடிவிலும் ஏழின் நடுவிலும் பிதுங்கும். கழிப்பறையும் அப்படியே. எதிரணியின் கடைசி வரிசை பேட்டர்கள் ஆடுகிற பாதியின் நடுவில் போனால் இழப்பு குறைவு. பணத்தாள் செல்லாது, கார்டு அல்லது கைபேசிதான்.

பந்து வருமா? வரலாம். வந்தால் அது நமக்கே சொந்தம். கிரிக்கெட்டில் திருப்பித் தர வேண்டியதைப்போல இங்கே இல்லை. 1921-ல் நியூயார்க்கில் ரூபன் பெர்மன் என்ற ரசிகர் பந்தைத் தர மறுத்து, மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, வழக்குப் போட்டு 100 டாலர் வென்றார். ஆனால் ரிக்லி ப்ளீச்சர்ஸில் ஊர் வழக்கு வேறு: எதிரணி அடித்த ஹோம் ரன் பந்தை, அதாவது சுவரைத் தாண்டி வந்ததை, வைத்துக்கொள்ளக் கூடாது. சுற்றியுள்ள அத்தனை பேரும் ‘திருப்பி எறி’ என்று கத்துவார்கள், எறிகிற வரை விடமாட்டார்கள். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் பையில் ஒரு சாதாரணப் பழைய பந்தைக் கொண்டுவருவார்கள். உண்மையானது பைக்குள் போகும், பழையது புல்லுக்குப் போகும். எந்தப் பந்தானாலும் வீரர் இல்லாத திசையில், உடனே எறிய வேண்டும். யாராவது ஓடிக்கொண்டிருக்கும்போது எறிந்தால் அது வேறு கதை.

பிடிக்கிற முறையும் தெரிய வேண்டும். பந்து சுமார் 145 கிராம், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் லேசு. அதற்காக வெறுங்கையை நீட்டினால் விரல் போகும். ஒரு கையில் பீர் இருக்கும்போது பந்து வந்தால் பீரை விட்டுவிடுங்கள், முகத்தை அல்ல. சுவர் உச்சியில் சாய்வாக ஒரு கம்பிக்கூடை உண்டு. 1960-களின் கடைசியில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ‘ப்ளீச்சர் பம்ஸ்’ ரசிகர் கூட்டம் சுவர் மேல் நடந்து உள்ளே குதித்த காலத்துக்குப் பின், 1970-ல் போட்டது. கூடையில் விழுந்தாலே ஹோம் ரன். அதைத் தாண்டிக் கையை நீட்டி மைதானத்துப் பந்தைத் தொட்டால் குறுக்கீடு, அன்றைய ஆட்டம் உங்களுக்கு முடிந்தது. ஹோம் ரன் வராவிட்டாலும் வழியுண்டு: இன்னிங்ஸ் தொடங்குமுன் அவுட்ஃபீல்டர்கள் எறிந்து பழகுகிற பந்தைக் கடைசியில் பார்வையாளர் பக்கம் வீசுவார்கள். ‘இன்று என் பிறந்தநாள்’ என்ற சின்ன அட்டையோடு முன்வரிசையில் நின்று, வீரரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வாய்ப்பு அதிகம். மூன்றாவது இன்னிங்ஸில் கேட்டதைவிட, அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கத்தியபின் ஐந்தில் கேட்டால் இன்னும் அதிகம்.

கேலிக்கும் எல்லை இருக்கிறது. எதிரணி அவுட்ஃபீல்டரின் பெயரை இரண்டு சுரத்தில் இழுத்து இழுத்துக் கூப்பிடலாம், அவர் சென்ற வாரம் தவறவிட்ட பந்தை நினைவூட்டலாம், பேட்டிங் சராசரியைப் படித்துக் காட்டலாம். சிரித்துக்கொண்டே கையசைப்பவரும் உண்டு. குடும்பம், நிறம், நாடு, உடல் பக்கம் நாக்கு போகக் கூடாது. 2025 ஜூனில் இதே சிகாகோவில், ஒயிட் சாக்ஸ் மைதானத்தில், எதிரணியான அரிசோனா வீரர் கெட்டெல் மார்ட்டேயின் இறந்துபோன தாயைப் பற்றிக் கத்திய ஒரு ரசிகரை எல்லா மேஜர் லீக் மைதானங்களுக்குள்ளும் வரக் கூடாதென்று காலவரையின்றித் தடுத்துவிட்டார்கள். கும்பலில் குடிபோதை ஏறினால் யார் நாக்கு முதலில் நழுவும் என்பது கும்பலுக்கே தெரியும். அவரை நடு வரிசையில், இரண்டு பொறுமைசாலிகளுக்கு நடுவே உட்கார வைக்க வேண்டும்.

கப் பாம்பு இப்போதைய மோகம். காலி பீர்க் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளமாக்கித் தூக்கிப் பிடிப்பது. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து டெஸ்ட் போட்டிகளில் பார்த்திருப்பீர்கள், அதே சரக்கு. ஒரு கப் சேர்ந்தால் விளிம்பளவு, ஓர் அங்குலத்துக்கும் குறைவாகத்தான் நீளும். ஆளுயரத்துக்கே நூறு கப் வேண்டும், கேனில் விற்கிற இடங்களில் நடக்காது. செங்குத்தாக நிறுத்தினால் தன் கனத்தில் நடுவில் மடியும், ஆகவே கிடையாக வைத்து மூன்றடிக்கு ஓர் ஆள் தாங்க வேண்டும். மிச்ச பீரைக் கொட்டிவிட்டுச் செருகாவிட்டால் அடியில் நிற்பவர் தலையில் ஒழுகும். பிறந்தநாள்காரரை அடியில் நிறுத்துவதுதான் மரியாதை. பாதுகாவலர் வந்து கேட்டால் வாதாடாமல் கொடுத்துவிட வேண்டும்.

ஏழாவதின் நடுவில் எல்லாரும் எழுந்து 1908-ல் எழுதப்பட்ட ‘டேக் மீ அவுட் டு த பால் கேம்’ என்ற பழைய மைதானப் பாட்டைப் பாடுவார்கள். ஹாரி கேரி 1982 முதல் இங்கே பாட வைத்தார். அவர் 1998-ல் மறைந்தபின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு விருந்தாளி வருகிறார். அந்த நேரத்தில் நம் பாட்டு எதுவும் வேண்டாம். பிறந்தநாள்காரரைத் தோளில் தூக்குவதானால் கீழே இறக்குகிற இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், பெஞ்சு உலோகம்.

மழை வந்தால் குடை பயனில்லை, மடித்து வைக்கிற பிளாஸ்டிக் அங்கிதான். ஒதுங்க இடம் பெஞ்சுகளுக்கு அடியில் உள்ள நடைக்கூடம் மட்டும். ஐந்து இன்னிங்ஸ், உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் நாலரை, முடிந்திருந்தால் ஆட்டம் செல்லும். அதற்குமுன் ரத்தானால் டிக்கெட் வேறு நாளுக்கு. பிறந்தநாளை வேறு நாளுக்கு மாற்ற முடியாதே, அதனால் எதிரே வேவ்லேண்ட் முனையில் உள்ள மர்ஃபிஸ் ப்ளீச்சர்ஸ் போன்ற ஒரு மதுக்கூடத்தை மாற்றுத் திட்டமாக முன்பே எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். கூட்டம் கலைந்தபின் குறுஞ்செய்தி போய்ச்சேராது.

யாரும் வண்டி கொண்டுவர வேண்டாம். நிறுத்த இடமும் இல்லை, குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால் விசாவில் இருப்பவர்களுக்கு விசாவே ரத்தாகலாம். ரெட் லைன் ரயில் இரவு முழுக்க ஓடும், அடிசன் நிலையம் ஒரு தெரு தள்ளி. போகும்போதே ரயில் பயண அட்டையான வென்ட்ரா கார்டில் திரும்புவதற்கும் சேர்த்துப் பணம் போட்டுவிட்டால் இரவில் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டியதில்லை.

கடைசி அவுட் விழுந்ததும் எழுந்து ஓடாதீர்கள். நடைமேடை முதல் அரை மணி நேரம் நெரியும். கப்ஸ் ஜெயித்திருந்தால் வெற்றிப் பாட்டை முழு மைதானமும் பாடும். 1937-ல் கட்டி இன்றும் உள்ளே ஆள் இருந்து கையால் எண் மாற்றுகிற ஸ்கோர்போர்டின் மேல், நீல W போட்ட வெள்ளைக் கொடி ஏறும். தோற்றால் வெள்ளை L போட்ட நீலக் கொடி. குழுப் புகைப்படத்துக்கு அதுதான் நேரம்: மேல் வரிசைக்கு ஏறி, கொடி பின்னால் வர, சூரியன் முகத்தில் விழ நில்லுங்கள். L என்றாலும் எடுங்கள். பன்னிரண்டு பேரையும் எண்ணிவிட்டு இறங்குங்கள், கழிப்பறைக்குப் போன ஒருவர் எப்போதும் இருப்பார்.